மைக்கில் கூப்பிட்ட நான்கு பெயர்கள்

கமலக்கண்ணன் சார், அமுலுவின் உடம்பைக் கெடுத்ததில் வைரஸின் பங்கு பாதிதான். மீதிப் பாதி நீங்கள்.

இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வடசென்னை சுகாதார நிலையங்களில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். பிரசவம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், ஊசி போடச் சொல்லிக் கொடுத்தார்கள். நாசூக்கு சிலபஸில் இல்லை.

திருவொற்றியூர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் அன்றைக்கு நீங்கள் வெல்ஃபேர் ஆபீசர். இன்றைக்கு ஜெனரல் மேனேஜர். பெண்கள் நலத்துக்கு நீங்கள் ஆற்றிய தொண்டுக்காக அடுத்த மாதம் கல்யாண மண்டபத்தில் கேடயம் கொடுக்கப்போகிறார்களாம். எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க ஃப்ளெக்ஸ். துறைமுகத்துக்குப் போக வழியில்லாமல் மணிக்கணக்கில் நிற்கிற கன்டெய்னர் லாரிக்காரர்கள் உங்கள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஏற்கெனவே தூசி, வெயில். இப்போது இதுவும்.

இனி இந்த நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சார் ஓரமாக உட்கார்ந்து படிக்கட்டும். இங்கே அவருக்கு நான் வைத்திருப்பது வேறு பெயர். மற்றவர்களின் பெயரைப் போடப்போவதில்லை. அமுலுவையும் அவள் புருஷனையும் மட்டும் கேட்டேன். "என் பேரையே போடு சிஸ்டரு. ஏற்கெனவே மைக்குல போட்டாச்சு, இன்னா மிச்சம் கீது?" என்றாள்.

1. வினிகர் நாள்

அந்தக் கம்பெனியில் இறால் உரிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். கம்பூட்ஸ், தலைக்குத் தொப்பி, இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன். ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவ வேண்டும். விரல் மரத்துப்போகும். ஷெட்டில் பேச்சு மட்டும் மரத்துப்போகாது.

முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய டாக்டரம்மாவும் நானும் போனோம். எளிய பரிசோதனைதான். நீர்த்த அசிட்டிக் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் பார்ப்போம். மாற்றம் இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை என்றால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அங்கே கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். தேவையானால் அந்த இடத்துக்கு மட்டும் சூடு வைத்து அழித்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம். புற்றுநோயாக மாறுவதற்கு வருடங்கள் ஆகும். அந்த வருடங்களுக்குள் பிடித்துவிட்டால் கதை அதோடு முடிந்தது.

முகாமுக்கு வரவேற்பு பலமாக இருந்தது. 'பெண்மையைப் போற்றுவோம்' என்று பேனர். பேனரில் பெண் யாரும் இல்லை, கமலக்கண்ணன் சார் இருந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கம்பெனி லேடீஸ் எல்லாரும் நல்ல ஃபேமிலில இருந்து வர்றவங்க. இந்த மாதிரி நோயெல்லாம் நம்மகிட்ட வராது. இருந்தாலும் ஒரு ஃபார்மாலிட்டிக்கு எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்குங்க."

புரிகிறதா? டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. நோய் வந்தால் நீ நல்ல குடும்பம் இல்லை.

பிறகு நான் பேசினேன். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ், அது உடலுறவில் பரவுகிறது, ரொம்பச் சாதாரணமாக எல்லோருக்கும் வந்து போவது என்று ஆரம்பித்தேன். சார் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை: வைரஸ், உடலுறவு. மூன்றாவது வார்த்தைக்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார். மீதியைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருக்காது.

நாலாம் நம்பர் டேபிளில் இருந்து முதலில் வந்தவள் அமுலு. நாற்பது ஆகவில்லை. கொருக்குப்பேட்டையில் வீடு. புருஷன் தசரதன் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். ஒரே பெண், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். திரைக்குப் பின்னால் வந்ததும் என் கையில் இருந்த பாட்டிலை மோந்து பார்த்தாள்.

"வினிகரு கணக்கா கீது. இன்னா சிஸ்டரு, ஊறுகா போடப் போறியா?"

வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அவள போட்டா உப்பு தேவைல்ல" என்றாள். அந்தச் சிரிப்பில்தான் மற்றவர்களுக்குப் பயம் விட்டது. அன்றைக்கு அத்தனை பேர் வந்ததற்குக் காரணம் பேனர் இல்லை, அமுலுவின் வாய்.

2. டோக்கன் பலகை

ஷெட்டை விட்டு யார் வெளியே போனாலும் இடுப்பில் இருக்கும், அவரவர் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கழற்றி வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்ரூம் போனாலும் அப்படித்தான். பலகையைப் பார்த்தாலே யார் டேபிளில் இல்லை என்று தெரியும். அந்தக் கம்பெனியின் கண் அது.

பரிசோதனை முடிந்தவர்கள் எல்லோரையும் கடைசிவரை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும், பிறகு எல்லோரையும் ஒன்றாக அனுப்ப வேண்டும் என்று நாங்கள் முன்பே கேட்டோம். யாருக்கு என்ன என்று வெளியே தெரியாமல் இருக்கத்தான். சார் ஒத்துக்கொள்ளவில்லை. முடித்தவர்கள் உடனே டேபிளுக்குப் போக வேண்டும், உரிக்காத இறால் காத்திருக்காது என்றார். அப்படியானால் யாரையும் நிறுத்திப் பேசாமல் சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லி அங்கே சொல்கிறோம் என்றோம். அதுவும் கூடாது, ஷிஃப்டில் லீவு கிடையாது, பேசுவதை இங்கேயே பேசி முடியுங்கள் என்றார்.

வெள்ளை தெரிந்தது நான்கு பேருக்கு. டாக்டரம்மா ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார். பலகையில் நான்கு டோக்கன் தொங்கிக்கொண்டே இருந்தது. சார் அந்தப் பக்கம் நடந்தார். ஒரு வைரஸ், நான்கு டோக்கன். கூட்டல் கணக்கு அவருக்கு வரும்.

அடுத்த வாரம் இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் வரவிருந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கையில் வெட்டுக்காயம், சொறி சிரங்கு இருந்தால் ஏற்றுமதி இறாலைத் தொடக்கூடாது. சூப்பர்வைசர் ஆபீசில் சொல்வார், ஆபீசில் இருந்து மைக்கில் பெயர் வரும், அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். சரியான விதிதான், நான் குறை சொல்லவில்லை. மைக்கில் பெயர் வந்தால் அவளிடம் ஏதோ தொற்று இருக்கிறது என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மைக்கில் நான்கு பெயர் வந்தது. டேபிள் நம்பரோடு.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குப் போனார்களாம். காயம் இல்லையே, எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று. வைரஸ் இல்லை என்று டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கி வந்தால் வேலை, இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நான்கு இடத்தையும் குளோரின் விட்டுக் கழுவினார்கள். அவர்கள் உரித்துப் போடும் பிளாஸ்டிக் பேசினைத் தனியாக வைத்தார்கள். உரித்த இறாலையும் தனியாக எடுத்து வைத்தார்கள். இறாலுக்குக் கர்ப்பப்பை வாய் கிடையாது என்று சாருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

உரிக்கும் ஷெட்டுக்கு வெளியே லோடிங் ஆட்கள் இருப்பார்கள், டிரைவர்கள் இருப்பார்கள். மைக் அவர்களுக்கும் கேட்கும். முந்தின நாள் முகாம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், சார்தான் பேனர் கட்டியிருந்தாரே. மத்தியானத்துக்குள் செய்தி ஐஸ் பிளான்டுக்குப் போய்விட்டது. அங்கே தசரதன் லாரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

3. இறாலுக்கு வராத வைரஸ்

புதிதாக வந்த பிள்ளைகளே, இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் இதைக் கேட்கும்போது எல்லோருக்கும் போன் வரும்.

எச்.பி.வி. இறாலில் வராது. ஐஸில் வராது. கைகுலுக்கினால் வராது, ஒரே டம்ளரில் டீ குடித்தால் வராது. உடலுறவில், பிறப்புறுப்புப் பகுதித் தோல் தோலோடு உரசும்போது பரவும். அதனால் காண்டம் போட்டால் ஆபத்து நன்றாகக் குறையும், ஆனால் முழுக்க மறையாது, காண்டம் எல்லாத் தோலையும் மூடுவதில்லை. குறையும் என்பதும் லாபம்தான், போடச் சொல்லுங்கள்.

உடலுறவு கொள்கிற பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்திருக்கும். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். வலிக்காது, அரிக்காது, காய்ச்சல் வராது, வந்ததே தெரியாது. பெரும்பாலும் உடம்பே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும். சிலருக்கு மட்டும், சில வகை மட்டும், போகாமல் தங்கிவிடும். அது பல வருடம் தங்கினால்தான் புற்றுநோய்வரை போகும். பீடி, சிகரெட் இருந்தால் அதற்கு இன்னும் வசதி.

வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளோடு இருந்தவளுக்கும் வரலாம். இன்றைக்குத் தெரிகிற மாற்றத்துக்கான வைரஸ் கல்யாணமான புதிதில் வந்திருக்கலாம், அதற்கு முன்பே அவனுக்கு வந்திருக்கலாம். யாரிடம் இருந்து, எப்போது என்று எந்த லேபும் சொல்லாது. ஒழுக்கச் சான்றிதழைச் சரிபார்த்து உள்ளே வருகிற வைரஸ் இன்னும் பிறக்கவில்லை.

தடுப்பூசி இருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள், உடலுறவு என்ற பேச்சே வருவதற்கு முன்னால் போட்டால் நன்றாக வேலை செய்யும். அந்த வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுப் போடலாம். பையன்களுக்கும் போடலாம். ஏற்கெனவே வந்த வைரஸை ஊசி விரட்டாது. ஊசி போட்டவளும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனைக்கு வர வேண்டும்.

இப்போது சார் கேட்ட சர்டிஃபிகேட்டை நினைத்துப் பாருங்கள். இவள் உடம்பில் வைரஸ் இல்லை, இறாலைத் தொடலாம் என்று எந்த டாக்டர் எழுதுவார்? சாருக்கு அப்படி ஒரு சர்டிஃபிகேட் கேட்டால் அவருக்கே கிடைக்காது. ஆண்களுக்கு இதற்கு வழக்கமான பரிசோதனையே கிடையாது.

4. ஐஸ் லாரிக்காரர்

நான்கு பேரில் மூன்று பேர் சில வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி வேண்டுதலுக்குக் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். வைத்தியத்துக்கு வருகிறவள் திருடியைப் போல வர வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் வேலை சுலபமாக முடிந்தது. இன்றுவரை நன்றாக இருக்கிறார்கள், சாரின் கம்பெனியில் இல்லை.

அமுலு வரவில்லை. போன் எடுக்கவில்லை. நானே கொருக்குப்பேட்டைக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. திறந்த பிறகு வீட்டைக் கண்டுபிடித்தேன். அமுலு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தசரதன்தான் பேசினார், குரலை உயர்த்தாமல்.

"குந்து சிஸ்டரு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊரு ஊரா லாரி ஓட்றவன் நானு. எனுக்கு ஒண்ணியும் இல்ல. வூட்டுக்கும் கம்பெனிக்கும் போயினு வர்றவளுக்கு எப்டி வந்துச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னது? ஆம்பளைக்கு இதுக்கு டெஸ்டே கிடையாது. வந்துட்டு போயிருந்தாலும் தெரியாது."

"அப்ப நாந்தான் குடுத்தேன்றியா?"

"உங்களையும் சொல்லல, அவங்களையும் சொல்லல. கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்றேன். கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க? சூடு வச்சா முடிஞ்சுது. பத்து நிமிஷ வேலை."

அப்போதுதான் அமுலு திரும்பினாள். "சூடு வெக்க நான் இன்னா மாடா?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

தசரதன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம், நாலு வார்த்தை கேட்டுவிட்டு அமுலுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவர் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சொன்னது இதுதான்.

"நீ சொல்றது மெய்யாலுமே இருக்கும் சிஸ்டரு. ஆனா நீ எங்க வூட்டாண்ட வந்து என் காதுல சொல்ற. அந்த ஆளு ஊருக்கே மைக்குல சொன்னாரு. ஐஸ் பிளான்ட்ல தெனம் ஒருத்தன் கேட்டு சிரிக்கிறான். இப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா, அவனுங்க சொன்னது கரெக்ட்டுனு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடும். மைக்குல சொன்னத மைக்குலதான் மாத்தணும். மொதல்ல அத செய்ய சொல்லு."

தப்பான பேச்சு. புருஷனின் மானத்தையும் பெண்டாட்டியின் கர்ப்பப்பையையும் தராசில் வைத்தால் எது கீழே போகும் என்று நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த மைக் விஷயத்தில் அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. நேராகக் கம்பெனிக்குப் போனேன்.

சார் டீ வரவழைத்தார். ஆடிட் நன்றாக முடிந்ததாம், முகத்தில் தெளிச்சி. நான் கேட்டது சின்ன விஷயம். ஷிஃப்ட் தொடங்கும்போது மைக்கில் ஒரு நிமிடம். இது கையால் ஒட்டும் நோய் இல்லை, அந்த நான்கு பேரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர்களை அனுப்பியது நிர்வாகத்தின் தவறு. அவ்வளவுதான்.

"மேடம், நான் யாரையும் தப்பா ஒரு வார்த்தை சொல்லலையே. பேரை மட்டும்தானே கூப்பிட்டேன்."

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"ஹைஜீன் ப்ரோட்டோகால். அதுவும் அவங்க நல்லதுக்குத்தான். இப்ப மறுபடி மைக்ல பேசினா மறந்துபோன விஷயத்தை நாமளே கிளறின மாதிரி ஆயிடும். லேடீஸ் விஷயம், டீசன்ட்டா விட்டுடலாம்."

மறந்துபோனது யாருக்கு என்று கேட்டேன். அவருக்குப் போன் வந்துவிட்டது.

5. சூடு வைக்காத இடம்

அமுலு காசிமேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வரேன் வரேன் என்பாள். மாதங்கள் போய் வருடங்களாயின. இடையில் என்னை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், அங்கிருந்தும் ஆள் அனுப்பினேன். பிறகு அவளுக்கு நடுநடுவே ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. வயசாச்சு, மாதவிலக்கு நிற்கப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அவளும் அதையே நம்பிக்கொண்டாள். இடுப்பு வலி நிற்க விடாமல் செய்தபோது தசரதன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல் ஐஸ் லாரியிலேயே உட்கார வைத்துக் கொண்டுவந்தார். என் சுகாதார நிலைய வாசலில் லாரியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது.

சூடு வைக்கும் கட்டம் தாண்டிப்போயிருந்தது. கதிர் வைத்தியம், கூடவே மருந்து. வாந்தி, எரிச்சல், சோறு இறங்காது. பத்து நிமிட வேலையாக இருந்தது மாதக்கணக்கில் இழுத்தது. பிழைத்துவிட்டாள். போன செக்கப்பிலும் திரும்பி வரவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் கதிர் வைத்தியத்தால் கால் வீங்குகிறது. டேபிள் முன்னால் நிற்கிற வேலை இனி அவளுக்கு இல்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் தசரதன் ஒரு நாள் சொன்னார். "அன்னிக்கே இஸ்த்துகினு வந்திருக்கணும் சிஸ்டரு. எவனோ சிரிச்சான்னு வுட்டுட்டேன். சிரிச்சவன் ஒருத்தன் கூட இங்க வந்து குந்தல." நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோதே அமுலு செய்த காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தடுப்பூசிக்கு வந்தாள். வரிசையில் நின்ற ஒரு அம்மா, இது எதுக்குடி ஊசி, கேட்டாலே ஒரு மாதிரியா கீதே என்று முணுமுணுத்தாள். அமுலு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாண்ட கேட்ட கேள்விய எம் பொண்ணாண்ட எவனும் கேக்கக் கூடாது. அதுக்குத்தான். நீயும் போட்டுனு போ."

அந்த அம்மாவும் தன் பெண்ணுக்குப் போட்டுக்கொண்டுதான் போனாள். என் முப்பது வருட விழிப்புணர்வுப் பேச்சில் இந்த மாதிரி ஒரு வரி வந்ததில்லை.

6. புதிய பிள்ளைகளுக்கு, பிறகு சாருக்கு

நான் கற்றது இது. கம்பெனிக்குள் முகாம் போட்டால், முடிவைக் கம்பெனிக்குள் சொல்லாதே. நன்றாக இருப்பவளையும் மாற்றம் உள்ளவளையும் ஒரே நேரம் உட்கார வை, ஒரே வாசலில் அனுப்பு. நிர்வாகம் முடியாது என்றால் பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பு. பேச்சை ஆண்களுக்கும் சேர்த்துப் பேசு, லோடிங் ஆட்கள், டிரைவர்கள், செக்யூரிட்டி வரை. வைரஸ் அவர்கள் வழியாகவும்தான் வீட்டுக்குள் வருகிறது, பழி மட்டும் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. முக்கியமாக, ஆபீசரின் போனை வாங்கி வைத்துக்கொண்டு பேசு.

இப்போது கமலக்கண்ணன் சாருக்கு.

விழாவில் உங்களுக்குக் கேடயம் கொடுத்த பிறகு ஏற்புரைக்கு மைக் கொடுப்பார்கள். அந்த மைக் கம்பெனி மைக்கை விட நல்ல மைக்காக இருக்கும். மண்டபத்தில் உங்கள் பழைய லோடிங் ஆட்கள் இருப்பார்கள், ஐஸ் பிளான்ட் ஆட்கள் இருப்பார்கள். முன் வரிசையில் அமுலு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் தசரதன். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்றைக்கு எதற்காக அந்த நான்கு பெயரைக் கூப்பிட்டீர்கள்? அவர்கள் செய்த தப்பு என்ன? இந்த இரண்டு கேள்விக்கும் அந்த மேடையில், அந்த மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள். பெயர் கூப்பிடத் தெரிந்த உங்களுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்காது.

போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.